கிராஃப் வினவலில் கூட்டுத்தொகை தப்பாக வருவது ஏன்?

வங்கிப் பரிமாற்றங்களைக் கிராஃப் தரவாக, அதாவது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாக வைத்தால், ஒவ்வொரு கணக்கும் ஒரு கணு (புள்ளி). ஒவ்வொரு பரிமாற்றமும் ஒரு விளிம்பு (கோடு). கிராஃபிடம் கேள்வி கேட்க உதவும் ஆரக்கிளின் பிஜிக்யூஎல் மொழி, பார்வைக்கு அட்டவணைத் தரவுக்கான எஸ்க்யூஎல் போலவே இருப்பதால், பழைய பழக்கத்தில் எழுதிவிடுகிறோம். இங்கே விடையின் ஒரு வரி என்பது ஒரு கணக்கோ ஒரு பரிமாற்றமோ அல்ல, நாம் வரைந்த வடிவம் தரவில் பொருந்திய ஒரு விதம். பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதால்தான் வருகின்றன.

கண்ணன் மீனாவுக்கு 3 முறை, முறைக்கு 1,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். மீனா செல்வத்துக்கு 4 முறை அனுப்பியிருக்கிறார். ‘கண்ணன், மீனா, செல்வம்’ என்ற இரண்டடிப் பாதையைத் தேடினால் 12 வரிகள் வரும். முதல் விளிம்பின் தொகையைக் கூட்டினால் 12,000. உண்மையில் போனது 3,000. இதைச் சரிசெய்ய, ஒரே மதிப்பை ஒரு முறை மட்டும் கணக்கிடும் டிஸ்டிங்க்ட் போடுவது இன்னும் மோசம். மூன்று தொகையும் ஒன்றே என்பதால் விடை 1,000 ஆகிவிடும். முதல் விளிம்பை மட்டும் வடிவத்தில் வைத்து, அடுத்த அடி உண்டா என்பதை எக்ஸிஸ்ட்ஸ் நிபந்தனைக்குள் கேளுங்கள்.

பிஜிக்யூஎல்லில் இரண்டு மாறிகள் (வடிவத்தில் கணுக்களுக்கு நாம் வைக்கும் பெயர்கள்) ஒரே கணுவில் பொருந்தலாம். கடைசி ஆள் யாரென்று சொல்லாமல் தேடும்போது, மீனா பணத்தைத் திருப்பி அனுப்பியிருந்தால், இரண்டாம் அடியின் முடிவில் கண்ணனே நிற்பார். வேண்டாமென்றால் ‘முதலும் கடைசியும் வேறு’ என்று நீங்கள்தான் எழுத வேண்டும். நியோ4ஜே என்ற கிராஃப் தரவுத்தளத்தின் வினவல் மொழியான சைஃபர், வழக்கமாக, ஒரே மேட்ச்சுக்குள் (வடிவத்தைத் தேடும் கட்டளைக்குள்) ஒரு விளிம்பை இருமுறை பயன்படுத்தாது. பிஜிக்யூஎல்லுக்கு அந்தத் தடை இல்லை. சைஃபரிலிருந்து வினவலை அப்படியே பெயர்த்தால் எண்ணிக்கை மாறக்கூடும்.

மூன்று கணக்குகளுக்குள் பணம் சுற்றும் வளையத்தைத் தேடினால், ஒரே வளையம் மூன்று முறை வரும், ஒவ்வொரு கணக்கும் தொடக்கமாக ஒரு முறை. அது ஒரு முறை மட்டும் வர, தொடக்கக் கணக்கின் எண் மற்ற இரண்டையும் விடச் சிறியது என்ற நிபந்தனை போதும்.

கமா போட்டு எழுதும் இரண்டு வடிவங்களுக்குப் பொது மாறி இருக்கிறதா என்று பாருங்கள். மாறிப் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும், 1,000 வரியும் 1,000 வரியும் பெருகிப் பத்து லட்சமாகும்.

சைஃபரில் ‘எத்தனை அடியானாலும்’ என்பதைக் குறிக்கும் நட்சத்திரக் குறியோடு அதிகபட்சம் எத்தனை அடி என்று எழுதாவிட்டால், விளிம்புகள் நெருக்கமான கிராஃபில் வினவல் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கலாம். இருவருக்கும் தொடர்பு உண்டா என்பது மட்டும்தான் கேள்வி என்றால், மிகக் குறுகிய பாதை ஒன்றைக் கேட்டாலே விடை கிடைத்துவிடும்.