பாறு கழுகுக் கணக்கு: சதவீதத்தை வகுக்காதீர்கள், பெருக்குங்கள்

1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறு கழுகுகள் 99.9 சதவீதம் குறைந்துபோயின. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநீக்கி ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. சரி, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் குறைந்தது? 99.9-ஐ 15-ஆல் வகுத்து 6.66 என்று சொல்லத் தோன்றும், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதிவைத்திருந்தேன். ஆனால் ஆண்டுக்கு 6.66 சதவீதம் மட்டும் குறைந்திருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே மிஞ்சியிருக்கும். நிஜத்தில் மிஞ்சியது ஆயிரத்துக்கு ஒன்று.

இங்கே உதவுவது பெருக்கி. 5 சதவீதம் கூடினால் 1.05, 16 சதவீதம் குறைந்தால் 0.84, அவ்வளவுதான். ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டில் மிஞ்சியதைத்தான் இதால் பெருக்குகிறோம், முதலில் இருந்ததை அல்ல.

மொத்த இழப்பிலிருந்து ஓர் ஆண்டின் பெருக்கிக்குப் பின்னோக்கிப் போக, கடைசி எண்ணிக்கையை முதல் எண்ணிக்கையால் வகுத்து (இங்கே 0.001), அதற்கு 15-ஆம் மூலம் எடுக்க வேண்டும். போனைப் படுக்கவைத்தால் கால்குலேட்டரில் அடுக்குப் பொத்தான் வரும், 0.001, அடுக்கு, அப்புறம் அடைப்புக்குறிக்குள் 1 ÷ 15. அடைப்புக்குறியை மறந்தால் 0.00006 என்று ஏதோ வந்து நிற்கும். சரியாகப் போட்டால் 0.63, அதாவது ஆண்டுக்கு 37 சதவீத இழப்பு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், நாட்டில் மொத்தம் எத்தனை கழுகு என்று தெரியவே வேண்டாம். அந்தக் கணக்கெடுப்பில் வண்டியில் போய்ச் சாலையோரம் கண்ணில் பட்டதைத்தான் எண்ணினார்கள், வகுக்கும்போது அந்தக் குறை இரண்டு பக்கமும் அடிபட்டுப்போகும். ஆனால் இரண்டு தடவையும் அதே சாலை, அதே முறை என்று இருக்க வேண்டும்.

எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்பதையும் கூடவே எழுதுங்கள். 2000 முதல் 2007 வரை மட்டும் பார்த்தால் இதே பறவைக்கு இழப்பு ஆண்டுக்கு 43.9 சதவீதம், பெருக்கி 0.56.

அப்புறம், 50 சதவீதம் குறைந்து 50 சதவீதம் கூடினால் பழைய நிலை வராது, 0.5 × 1.5 = 0.75 தான். கழுகு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும், அதனால் கூடுவது மெதுவாகத்தான் நடக்கும். 1.05 கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 15 ஆண்டில் போனது திரும்பிவர ஏறத்தாழ 142 ஆண்டு ஆகும்.