வேண்டாம் என்று சொல்லாமல் வேண்டாம் என்பது

திருகோணமலையில் ஒரு வேலைக்கு ஆள் கேட்டு ‘பாப்பம்’ என்று பதில் வந்தால், வேறு ஆளைத் தேடத் தொடங்குங்கள். ‘பாத்திட்டு நாளைக்குக் காலமை சொல்றன்’ என்று வந்தால் காத்திருக்கலாம். நேரம் குறிக்காத ‘பாப்பம்’ பெரும்பாலும் மறுப்புத்தான். ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. இடமாற்றத்தில் வந்தவர்களும் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து நிற்பவர்களும்தான் காத்திருந்துவிட்டு ‘ஏமாத்திப்போட்டாங்கள்’ என்பார்கள். உண்மையில் அவர்களுக்கு முகம் முறியாமல் பதில் சொல்லியாயிற்று, அது காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

முதலில் வினைச்சொல்லைக் கவனியுங்கள். மாமி ஒருவர் நாளைக்குக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘மாட்டன்’ என்றால் மனமில்லை என்று பொருள், பேச்சு அதோடு முறியும். ‘ஏலாது’ கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் தனியே நின்றால் கதவைச் சாத்தியது போலிருக்கும், உடனே ‘ஏன், என்ன வேலை?’ என்று விசாரணை தொடங்கும். ‘ஏலாமக் கிடக்கு’ என்றால் குற்றம் உங்கள்மேல் இல்லை, நிலைமைமேல் போய்விடுகிறது. அதோடு ஒரு காரணமும் ஒரு மாற்று வழியும் சேர வேண்டும்: ‘நாளைக்கு ஏலாமக் கிடக்கு மாமி, டியூட்டி. தம்பியிட்டக் கேட்டுப் பாக்கட்டோ?’

காரணம் ஒன்றே ஒன்று போதும். டியூட்டி, அதோடு காய்ச்சல், அதோடு மோட்டச் சைக்கிளும் பழுது என்று அடுக்கினால் எதையும் நம்ப மாட்டார்கள். இன்னொன்று, முறைப்பெயரை விட்டுவிடாதீர்கள். கோபம் வரும்போது முதலில் காணாமல் போவது ‘மாமி’, ‘அண்ணா’, முஸ்லிம் வீடுகளில் அண்ணனுக்கும் அக்காவுக்கும் சொல்லும் ‘நானா’, ‘ராத்தா’ இவைதான். அதனால் முறைப்பெயர் இல்லாத மறுப்பை, சொற்கள் எவ்வளவு மென்மையாக இருந்தாலும், கோபம் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

இனிச் சாப்பாடு. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்.

வீட்டுக்குப் போனதும் ‘தேத்தண்ணி குடிக்கிறீங்களா?’ என்பார்கள். ‘இப்பதான் குடிச்சிட்டு வந்தன்’ என்று முதல் தடவை மறுப்பது வெறும் மரியாதை, அதை யாரும் மறுப்பாகக் கணக்கெடுப்பதில்லை. இரண்டாம் தடவை கேட்கும்போது ‘கரைச்சல் படாதீங்க’ என்றால் அரைச் சம்மதம். மூன்றாவது கேள்வி வருவதற்குள் கேத்தில் அடுப்பில் ஏறிவிடும். உண்மையாகவே வேண்டாம் என்றால் முழுதாக மறுக்காதீர்கள், சிறியதாக ஒன்றைக் கேளுங்கள்: ‘தண்ணி மட்டும் தாங்க மாமி, வெயிலுக்க வந்தது.’ வந்த வீட்டில் ஒன்றும் வாயில் படாமல் எழும்பினால்தான் குறை. தண்ணீர் குடித்தாலும் குறை தீர்ந்துவிடும். சீனி வருத்தம் உள்ளவர் அதைத் தண்ணீர் கொதிக்க முன்பே சொல்லிவிட வேண்டும். சீனி போட்டுக் கலக்கிக் கையில் தந்த பிறகு சொன்னால் வீட்டுக்காரரைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள்.

பந்தியிலும் வீட்டுச் சாப்பாட்டிலும் ‘காணும்’, அதாவது போதும், என்று சொல்லும் நேரம் முக்கியம். புட்டும் மீன் குழம்பும் போட்டுக்கொண்டிருக்கும்போது ‘நல்ல ருசியா இருக்கு’ என்றால் அடுத்த அகப்பை நிச்சயம் விழும். புகழ்ச்சியைக் கை கழுவிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும்போது அகப்பை உங்கள் பக்கம் திரும்பியதும், இடது கையைத் தட்டுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் விரித்துப் பிடித்து ‘காணும் காணும்’ என்று இரண்டு தடவை சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் அது கூச்சம். தட்டை இழுத்துக்கொள்ளாதீர்கள், அது அருவருப்பு மாதிரித் தெரியும். தட்டைச் சீக்கிரம் காலி செய்பவருக்கு மறுக்கும் உரிமையே இல்லை, ஆகவே கடைசிப் பிடியை மெதுவாகச் சாப்பிடுங்கள்.

விரதம் நல்ல காரணம். கிண்ணியாவிலோ மூதூரிலோ முஸ்லிம் நண்பர் வீட்டில் இறைச்சிக் கறி வந்தால் ‘இண்டைக்கு மச்சம் சாப்பிடுறதில்ல, மரக்கறி இருந்தாக் காணும்’ என்றால் யாரும் வற்புறுத்துவதில்லை. ஆனால் பொய்க்குச் சொல்லாதீர்கள். செவ்வாய், வெள்ளி, கந்தசஷ்டி, ஆடி அமாவாசை எல்லாம் பக்கத்து வீட்டு முஸ்லிம் ஆட்களுக்கும் மனப்பாடம். புதன்கிழமை என்ன விரதம் என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அதுபோல, பொங்கல் கொண்டுபோகும்போது முஸ்லிம் நண்பர் கையை நீட்டத் தயங்கினால் அது பொங்கலை வேண்டாம் என்பதல்ல, சாமிக்குப் படைத்ததா என்ற கேள்வி. ‘இது படைக்க முன்னம் எடுத்து வச்சது’ என்று நீங்களே முந்திச் சொல்லிவிட்டால் அவர் மறுக்க வேண்டிய சங்கடம் வராது.

கூட்டத்துக்கு நேரம் குறிக்கும்போதும் இதே மாதிரிதான். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு என்று சொல்லி, முஸ்லிம் உறுப்பினர்கள் ‘பாப்பம் சேர்’ என்றால், அது ஜும்ஆ நேரம் என்று நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். நேரத்தை மாற்றுங்கள், விளக்கம் கேட்காதீர்கள்.

மூத்தவரோடு கருத்து வேறுபட்டால் ‘இல்லை’யில் தொடங்காதீர்கள், கேள்வியில் தொடங்குங்கள். கிண்ணியாப் பாலம் 2005 இல் திறந்தது என்று பெரியப்பா சொல்கிறார், அது 2009 என்று உங்களுக்குத் தெரியும். ‘பிழை பெரியப்பா’ என்றால் உங்கள் கணக்குச் சரி, உறவு பிழை. ‘சண்டை முடிஞ்ச வருசம் எல்லோ பெரியப்பா? அப்ப ஒன்பதோ?’ என்றால் திருத்தும் வேலையை அவரே செய்துகொள்வார். கருத்துக்கு, அதாவது ஆண்டு பார்த்துத் தீர்க்க முடியாததற்கு, ‘எண்டு நினைக்கிறன்’, ‘போல கிடக்கு’ என்ற வால்கள் கை கொடுக்கும். ‘நீங்க சொல்றதும் சரிதான், ஆனா’ என்ற பழைய சூத்திரம் தேய்ந்துவிட்டது. ‘ஆனா’ என்றதும் முன்னால் வந்ததை எல்லாரும் அழித்துவிடுகிறார்கள். (பாலம் வரும்வரை ‘கடைசிப் பாதை போயிடும்’ என்று, அதாவது அக்கரைக்குப் போகும் மிதவையைச் சாட்டி, எழும்புவதை யாரும் கேள்வி கேட்க ஏலாது. இப்போது அந்தச் சாக்குச் செல்லாது.)

நாக்கை அண்ணத்தில் தட்டி ‘ச்’ என்று இல்லை சொல்வது சம வயதுக்காரரோடு மட்டும். மூத்தவர் முன்னால் அது நக்கல்.

இவ்வளவு மென்மையும் கைமாற்றுக் கேட்பவரிடம் மட்டும் கூடாது. காசு கேட்டவருக்கு ‘பாப்பம்’ என்றால் அவர் உங்களை நம்பி இன்னொருவரிடம் கேட்காமல் விட்டுவிடுவார், சீட்டுக் கட்டும் நாளில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். அங்கே அன்றைக்கே சொல்லுங்கள், தொகையோடு சொல்லுங்கள்: ‘பத்தாயிரம் என்னால ஏலாது அண்ணா, குறை நினைக்காதீங்க. ரெண்டாயிரம் இப்பவே தரலாம்.’ ரெண்டாயிரமும் இல்லையென்றால் இரண்டாவது வசனத்தை விட்டுவிடுங்கள், ‘அடுத்த மாசம்’ என்று இழுக்காதீர்கள். கலியாணச் சாப்பாட்டுக்கும் இதே விதி. கார்ட்டோடு வாசலில் நிற்பவரிடம் ‘வரமாட்டன்’ சொல்வதில்லை, ‘வரப் பாக்கிறன்’ என்று வாங்குங்கள். ஆனால் வரப்போவதில்லை என்றால் சாப்பாட்டுக்குத் தலை எண்ணும் முன்னம், நாலைந்து நாளுக்கு முதலாவது, போனில் சொல்லிவிடுங்கள்.

போனில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. எதிர்ப்பக்கம் பேசும்போது ‘ம், ம்’ என்று கொட்டிக்கொண்டிருந்தால் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள். உடன்பாடு இல்லாத இடத்தில் ‘ம்’ கொட்டுவதை நிறுத்தி ‘அப்பிடியோ?’ என்று கேளுங்கள்.

மீன் சந்தையில் விலை ஒத்துவராவிட்டால் ‘விலை கூட’ என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் ‘ஒருக்காச் சுத்திப் பாத்திட்டு வாறன் அண்ணா’ என்று நகரலாம். அறக்குளாவைத் தூக்கி, செவுளைப் பிரித்து, வெட்டச் சொல்லும்வரை போன பிறகு இது செல்லாது. காலை முதல் வியாபாரமாக இருந்தால் விலை கேட்க முன்பே முடிவெடுத்துவிட்டு நில்லுங்கள்.

கடைசியில், ‘இன்னும் கொஞ்சம் இருங்க’ என்பதை மறுத்து எழும்புவது. இருந்தபடியே ஒரு தடவை ‘அப்ப வெளிக்கிடுவம்’ என்று சொல்ல வேண்டும், எழும்பி ஒரு தடவை, படலையடியில் ‘போயிட்டு வாறன்’ என்று ஒரு தடவை. ‘போறன்’ என்று தனியே சொன்னால் நல்ல வீட்டில் திருத்துவார்கள். செத்தவீட்டில் மட்டும் இதில் எதுவும் இல்லை. யாரும் மறிப்பதில்லை, யாரிடமும் சொல்வதில்லை, எழும்பிப் பேசாமல் வந்துவிட வேண்டும்.