வீட்டு ஆம்ப்புக்குக் கரண்ட் கொடுப்பது எப்படி: சுவர் பிளக்கா, பவர் கண்டிஷனரா?

அம்பாசமுத்திரத்தில் எங்கள் பழைய வீட்டில் ஆம்ப்ளிஃபையரை வைத்த முதல் நாளே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல். பெட்டியின் தகட்டில் புறங்கையை வைத்தால் எறும்பு ஊர்வதுபோல் சுருசுருவென்றது. உடனே, கரண்டை வடிகட்டிக் கொடுக்கும் பெட்டியான பவர் கண்டிஷனர் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். வயரிங் பார்க்க வந்த அண்ணாச்சிதான் கொல்லைப்புறம் கூட்டிப்போய் எர்த் குழி மூடியைத் தூக்கிக் காட்டினார். செம்புக் கம்பி பச்சை பூத்து, போல்ட்டிலிருந்து கழன்று கிடந்தது. "கம்பி மண்ணுக்கே போய்ச் சேரலையே தம்பி, பெட்டிய வாங்கி என்ன செய்யப் போறிய?" என்றார். சுரண்டி, முறுக்கி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் சுருசுருப்பு நின்றது, இரைச்சலும் முக்கால்வாசி போனது. மீதிக் கால்வாசிக்குக் காரணம் வேறு, பிறகு சொல்கிறேன்.

ஆக, முதல் வேலை எர்த். மூன்று துளை பிளக்கில் மேலே உள்ள பெரிய துளை எர்த், வலது பக்கம் பேஸ் (கரண்ட் வரும் கம்பி), இடது பக்கம் நியூட்ரல் (அது திரும்பிப் போகும் கம்பி). வயர்மேனை வைத்து மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள், பழக்கமில்லாமல் நீங்களே கை வைக்க வேண்டாம். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் ஒட்டி இருக்க வேண்டும், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட் என்றால் பரவாயில்லை. பேஸ்–எர்த் அளவு 120, 150 என்று தொங்கினால் எர்த் சரியில்லை. சித்திரை வெயிலில் மண் காய்ந்தாலும் எர்த் கெடும், குழிக்கு அவ்வப்போது தண்ணீர் விடுங்கள்.

அடுத்து, எந்த பிளக்? 6 ஆம்பியர் பாயிண்ட் 230 வோல்ட்டில் 1380 வாட் வரை தாங்கும். வீட்டில் வைக்கும் சாதாரண ஸ்டீரியோ ஆம்ப் முழுச் சத்தத்தில் ஓடினாலும் சில நூறு வாட்தான், அதனால் இதுவே தாராளம். பெரிய சப்வூஃபரும் ரிசீவரும் சேர்ந்தால் 16 ஆம்பியர் பவர் பாயிண்ட் எடுங்கள். மிக்ஸி, ஃப்ரிட்ஜ் ஓடும் லைனிலிருந்து மட்டும் பிரித்துவிடுங்கள், மெயின் போர்டிலிருந்து தனி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்) போட்டு ஒரு லைன் இழுத்தால் இன்னும் நல்லது. கண்டிஷனருக்குக் கொடுக்கும் காசை முதலில் இதற்குச் செலவழியுங்கள் என்பேன்.

சரி, அந்த மீதி இரைச்சல். டிவிக்கு வரும் டிஷ் கேபிளைக் கழற்றியதும் சட்டென்று நின்றது. டிவி ஒரு சுவரில், ஆம்ப் எதிர்ச் சுவரில், இரண்டுக்கும் வெவ்வேறு வழியில் எர்த் போய், கேபிள் வழியாக ஒரு வளையம் உண்டாகியிருந்தது. இதைத்தான் கிரவுண்ட் லூப் என்பார்கள். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினேன், தீர்ந்தது. சிலர் எர்த் பின்னை வெட்டிவிட்டு "இரைச்சல் போச்சு" என்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உள்ளே பேஸ் தகட்டில் பட்டால் தொடுகிறவர் உயிருக்கே ஆபத்து.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கண்டிஷனர். மிக்ஸி, எல்இடி பல்பு கிளப்பும் கரகரப்பை அதிலுள்ள ஃபில்டர் வடிகட்டும், திடீரென ஏறும் வோல்டேஜை ஓரளவு தடுக்கும். அப்படித் தடுக்கிற எம்.ஓ.வி. என்ற சின்னப் பாகம் ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் தேயும், காவல் விளக்கு அணைந்தால் பெட்டியை மாற்ற வேண்டியதுதான். எர்த் இல்லாத வீட்டில் அந்தத் தடுப்புக்குப் பாதி வேலைதான். ப்ளேயர், டிவி, டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் பெட்டி) மாதிரி சின்னச் சாதனங்களை அதில் சொருகுங்கள். பெரிய ஆம்ப்பை நான் நேராகச் சுவரிலேயே கொடுப்பேன், மலிவான கண்டிஷனர்கள் சத்தம் ஏறும்போது தேவையான கரண்டைத் தடுக்கலாம்.

களக்காடு பக்கம் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடி வோல்டேஜ் 180-க்கு இறங்குகிறது என்றால், அதற்கு வேண்டியது ஸ்டெபிலைசர். சாதாரண கண்டிஷனர் வோல்டேஜை ஏற்றாது, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் வகை வேண்டும், ஸ்கொயர் வேவ் என்றால் டிரான்ஸ்ஃபார்மரே உறுமும்.

கரண்ட் போனால் ஆம்ப் ஸ்விட்ச்சை அணைத்துவிடுங்கள், திரும்ப வந்து இரண்டு நிமிடம் கழித்துப் போட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பக்கம் இடி கேட்டாலே பிளக்கைப் பிடுங்குங்கள், டிஷ் கேபிளையும் சேர்த்து. அந்த வழியாகவும் மின்னல் இறங்கும்.