பதறாமல் ஆடும் புதிர் விளையாட்டைத் தனி ஆளாகச் செய்வது எப்படி?

குதித்தேறிப் புதிர் அவிழ்க்கும் விளையாட்டு ஒன்றை, ஆடுபவர் பதறாமல் ஆடும்படி, ஒரே ஆள் செய்ய முடியுமா? தாராளமாக முடியும். ரங்கூனில் பகலெல்லாம் கடைக் கணக்கு எழுதிவிட்டு இரவில் நான் செய்துகொண்டிருப்பது அதைத்தான். வெளிர் நிறமும் மெல்லிய இசையும் போட்டால் மட்டும் நிதானம் வந்துவிடாது. விழுந்தால் என்ன ஆகும், ஒன்றைத் தவறவிட்டால் என்ன ஆகும்? இந்த இரண்டு கேள்விக்கும் முதலில் விடை எழுதிவைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

என் விளையாட்டு ரங்கூன் வட்ட ரயிலில் நடக்கிறது. ஏறக்குறைய 46 கிலோமீட்டர். ஒரு சுற்றுக்கு மூன்று மணி நேரம் போல ஆகும். அப்பாவின் டிபன் கேரியர் அடுக்குகள் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு சிறுமி இறங்கி இறங்கித் தேடுகிறாள். வட்டப் பாதை என்பதால் விட்டுப்போன ஸ்டேஷன் எப்படியும் மறுபடி வரும். அதனால் எங்கேயும் கடிகாரம் வைக்க வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை. நீங்களும் விட்டதைத் திரும்பப் பிடிக்க வழியுள்ள ஓர் இடமாகப் பாருங்கள்.

படம் வரையத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். மைக் பிதெல் 2012இல் வெளியிட்ட 'தாமஸ் வாஸ் அலோன்' விளையாட்டில் பாத்திரங்கள் எல்லாமே வெறும் செவ்வகங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் குதிக்கும். அதிலேயே அதன் குணம் தெரிந்துவிடும். ஆடம் ராபின்சன்-யூவின் 'எ ஷார்ட் ஹைக்' 2019இல் வந்தது. மலை ஏறும் ஒரு பறவைக்குட்டி, சில தங்க இறகுகள், எதிரி என்று யாருமில்லை. செய்யத் தொடங்குமுன் இந்த இரண்டையும் ஒருமுறை ஆடிப்பாருங்கள்.

கருவிக்கு நான் சொல்வது கோடோ (Godot) என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள். இலவசம், திறந்த மூலம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். அதில் நடந்து குதிக்கும் பாத்திரத்துக்கான 'கேரக்டர் பாடி 2டி'க்கு என்றே ஒரு மாதிரி நிரல் தயாராக இருக்கிறது. பிக்சல், நொடிக் கணக்கில் குதிக்கும் வேகம் 400, ஈர்ப்பு 980, நடை வேகம் 300. வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, ஈர்ப்பின் இரு மடங்கால் வகுத்தால் குதிக்கும் உயரம் கிடைக்கும்: சுமார் 82 பிக்சல். 16 பிக்சல் கட்டங்களில் வரைந்தால் ஐந்து கட்டம். ஐந்து கட்டம் குதிக்க முடிகிறது என்று ஐந்து கட்ட உயரத்தில் மேடை வைக்காதீர்கள், நான்கில் வையுங்கள். 300 என்ற நடை நிதானமான விளையாட்டுக்கு ரொம்ப ஓட்டம். நான் 120 வைத்திருக்கிறேன். ஒரு குதிப்பில் ஏறி இறங்கக் காற்றில் இருக்கும் சுமார் 0.8 நொடியில் ஆறு கட்டம் கடக்கலாம். பள்ளங்கள் நான்கு கட்டத்துக்கு மேல் கிடையாது.

அடுத்தது விளிம்பு. என் சித்தி அதற்கு முன் எந்த விளையாட்டையும் தொட்டதில்லை. அவர் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து விரலையே பார்த்தேன். சிறுமியின் கால் மேடையை விட்டு நழுவிய பிறகுதான் அவர் விரல் குதிக்கும் பொத்தானைத் தொட்டது. "நான் அமுக்கினேனே!" என்றார். அவர் சொன்னது சரி, அவர் கண்ணுக்கு அது சரியான நேரம்தான். ஆகவே தரையில் நிற்கும்போதெல்லாம் ஒரு கணக்கியில் 0.1 நொடியை நிரப்பிவையுங்கள். தரையை விட்டதும் அது குறையட்டும். பூஜ்ஜியமாகும் வரை குதிக்க அனுமதியுங்கள். குதித்தவுடன் அதைப் பூஜ்ஜியமாக்க வேண்டும், இல்லையென்றால் காற்றிலேயே இன்னொரு முறை குதித்துவிடும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அமுக்கிவிடுகிறவர்களுக்கும் இதேபோல் 0.1 நொடி கொடுங்கள். நொடிக்கு 60 முறை ஓடும் கணக்கில் இது வெறும் ஆறு சுற்று. ஆடுபவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, கை சொன்னபடி கேட்கிறது என்று மட்டும் தோன்றும்.

அப்புறம் புதிர். நான் விடையிலிருந்து பின்னோக்கி வருவேன். டன்யின்கோன் காய்கறிச் சந்தை ஸ்டேஷனில், கூடையைத் தராசுத் தட்டில் வைத்தால் எதிர்த்தட்டு உயர்ந்து கூரைக்கு வழி கிடைக்கும். முதலில் கூடையும் தராசும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஆடிப்பார்த்தேன். பிறகு கூடையைத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நகர்த்தினேன். அப்புறம் நடுவில் நின்றிருக்கும் ரயில் பெட்டியின் மேலேறிப் போக வைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு தடைதான் கூட்ட வேண்டும். இதில் மிக முக்கியமான ஒன்று: கூடை பள்ளத்தில் விழுந்துவிட்டால் பழைய இடத்துக்குத் தானே திரும்ப வர வேண்டும். 'இனி முடிக்கவே முடியாது' என்ற நிலை ஒரே ஓர் இடத்தில் இருந்தாலும், ஆடுபவர் அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் பயந்து பயந்துதான் நடப்பார்.

பள்ளத்தில் விழுந்த சிறுமியும் அப்படியே. கடைசியாக நின்ற மேடையிலேயே எழுந்து நிற்கட்டும். ஒவ்வொரு மேடையிலும் தானாகச் சேமித்துவிடுங்கள். எங்கள் ஊரில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. விட்ட இடம் அப்படியே இருந்தால் விளக்கு வந்ததும் தொடரலாம்.

தமிழில் வசனம் வைக்கப் போகிறீர்களா? கோடோ 4ஐ எடுங்கள். மூன்றாம் பதிப்பில் 'கொ', 'கை' போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி உடைந்து நிற்கும். நான்கில் அது சரியாகிவிட்டது. பர்மிய எழுத்துக்கும் இதே பிரச்சினைதான் இருந்தது. எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழ் போடலாம். 'ணை', 'ஞ்ஞை' எல்லாம் எட்டு பிக்சல் உயரத்தில் தெளிவாக வராது, எழுத்தைப் பெரிதாக்கி வசனத்தைச் சுருக்குங்கள். பிக்சல் படங்கள் மங்கலாகத் தெரிந்தால் அமைப்புகளில் டெக்ஸ்சர் ஃபில்டரை 'நியரஸ்ட்' ஆக்கினால் போதும்.

கடைசியில், விளையாட்டே பழகாத ஒருவரிடம் கொடுங்கள். பின்னால் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். எங்கே நிற்கிறார், எங்கே திரும்பி நடக்கிறார் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களில் 'இங்கே குதிக்கவும்' என்று பலகை எழுதி வைக்கத் தோன்றும். வேண்டாம். மேடையை ஒரு கட்டம் தள்ளிப்பாருங்கள், மேலே ஒரு விளக்கை வைத்துப்பாருங்கள், பிறகு வேறொருவரிடம் கொடுங்கள்.