அம்பாப் பாட்டை நிறுத்த ஒரு பொத்தான்

தங்கச்சிமடத்தில் எங்கள் சித்தப்பா வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுகளைப் போனில் பதிந்து வந்து, எம்பிவி பிளேயரில் போட்டு, வரி வரியாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். கடல் காற்று இரைச்சலில் ஒரு வரி பிடிபட நாலு தடவை கேட்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் எழுதும் விண்டோவை விட்டு பிளேயருக்குத் தாவித்தான் நிறுத்த முடிந்தது, ஏனென்றால் கீபோர்டில் இருக்கும் பிளே பொத்தான் வேலையே செய்யவில்லை.

காரணம் இதுதான். லினக்ஸில் டெஸ்க்டாப்பும் பிளேயரும் நிரல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் டி-பஸ் வழியாக எம்ப்ரிஸ் என்ற பொது மொழியில் பேசிக்கொள்கின்றன. எம்பிவிக்கு அந்த மொழி வர, எம்பிவி-எம்ப்ரிஸ் என்ற சின்னத் துணைநிரல் வேண்டும். டெபியன் லினக்ஸில் அதே பெயரில் பேக்கேஜ் உண்டு. நிறுவிவிட்டு எம்பிவியை மூடித் திறந்தால் போதும்.

சரி, முடிந்தது என்று பொத்தானை அழுத்தினால், பயர்பாக்ஸில் திறந்து கிடந்த வீடியோ ஓட ஆரம்பித்தது! பிரவுசரும் எம்ப்ரிஸ் பேசும். எம்ப்ரிஸ் பேசும் பிளேயர்களைக் கட்டளையால் இயக்கும் பிளேயர்சிடிஎல் என்ற கருவியை நிறுவி, அதன் பட்டியலில் இரண்டு பெயரையும் பார்த்த பிறகுதான் விளங்கியது. எக்ஸ்எப்சிஇ டெஸ்க்டாப்பின் பேனலில் ஒலி ஐகானின் அமைப்புகளுக்குப் போய், மீடியா பொத்தான்களை அது எடுத்துக்கொள்ளும் தேர்வை நீக்கினேன். அப்புறம் கீபோர்ட் ஷார்ட்கட்டில், எம்பிவியை மட்டும் குறிப்பிட்டு நிறுத்தி ஓட்டும் பிளேயர்சிடிஎல் கட்டளையை அந்தப் பொத்தானுக்குக் கொடுத்தேன்.

நேற்று இரவு மட்டும் மூன்று பாட்டு எழுதி முடித்தேன். நாளை சித்தப்பாவிடம் படித்துக் காட்டித் திருத்த வேண்டும்.