மெயிலில் ‘ரிவர்ட்’ எழுதும் முன்

வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு மெயில் போடும்போது ‘ப்ளீஸ் ரிவர்ட்’ வேண்டாம், ‘ப்ளீஸ் ரிப்ளை’ என்றே எழுதுங்கள். பழகியவர் என்றால் ‘லெட் மீ நோ’ போதும், ‘கெட் பேக் டு மீ’யும் சரிதான். ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்கள் இன்னும் கவனம்: ‘ரிவர்ட் ஆன் திஸ் சேஞ்ச்’ என்று கேட்டால், பதில் வராமல், நீங்கள் செய்த மாற்றத்தையே எடுத்துவிடக்கூடும். புரோகிராமில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் ரிவர்ட் கட்டளையின் வேலையே அதுதான். ‘ரிவர்ட் பேக்’ என்பதோ ‘நடு சென்டர்’ கதை.

நம்மூர் ஆபீஸுக்குள் என்றால் கவலையில்லை. அங்கே ரிவர்ட் என்றால் பதில் என்று எல்லோருக்கும் தெரியும்.