புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்: அலமாரியில் தொடங்கும் தவறு

நண்பரின் மகன் புதிதாக வாங்கிய ஸ்பீக்கர்களைக் கேட்க அழைத்திருந்தான். பாட்டு தொடங்கியதும் என் முகம் வாடிவிட்டது. பாடகரின் குரல் குடத்துக்குள்ளிருந்து வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் ஒலித்த அதே குடம். ப்ளஸ், மைனஸ் மாற்றி இணைப்பது போன்ற தவறுகளை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வீர்கள். எளிதில் பிடிபடாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

வைக்கும் இடத்தைப் பார்க்காமல் வாங்குவது

'புக்‌ஷெல்ஃப்' என்ற பெயர் பெட்டியின் அளவைக் குறிக்கிறது. அதை அலமாரியில்தான் வைக்க வேண்டும் என்று பொருளல்ல. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பாஸ் கிட்டார் எந்தச் சுரத்தை வாசித்தாலும் ஒரே 'தொம்'. ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன், வயரை மாற்றினேன். கடைசியில் ஸ்பீக்கர்களையே பாதி விலைக்கு விற்று, பெரிய ஜோடி ஒன்றை வாங்கி அதே தட்டில் வைத்தேன். 'தொம்' இன்னும் பெருத்தது. ஒருநாள் அலமாரியைத் துடைப்பதற்காக இரண்டையும் இறக்கி முக்காலிகளின் மேல் வைத்தேன். பாடிக்கொண்டிருந்த பாட்டில், அடுத்த வரிக்கு முன் பாடகி மூச்சை இழுப்பது கேட்டது. விற்றுவிட்ட அந்த முதல் ஜோடியை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

நடப்பது இதுதான். உச்சஸ்தாயி ஒலிகள் முன்னோக்கிப் போகும். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகள், அதாவது பாஸ், சிறிய பெட்டியைச் சுற்றி எல்லாத் திசையிலும் பரவும். பின்னால் போகும் பாஸ் இழப்புதான் என்று கொண்டு பல வடிவமைப்பாளர்கள் கிராஸ்ஓவரிலேயே (ஒலியைப் பிரித்து அனுப்பும் உட்சுற்று) அதை ஈடுகட்டியிருப்பார்கள். சுவரை ஒட்டி வைத்தால் அந்த இழப்பு திரும்பி வந்து, ஈடுகட்டியதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒரு சுவரே 6 டெசிபல் வரை கூட்டும். அலமாரியின் பக்கப் பலகைகள் தம் பங்குக்கு அதிரும். பல பெட்டிகளின் பின்பக்கம் காற்றுத் துளை இருக்கும்; அதனருகே கையை வைத்துப் பாருங்கள். டிரம் விழும்போதெல்லாம் காற்று உள்ளங்கையைத் தள்ளும். அந்தக் காற்றுக்கு இடம் வேண்டாமா?

தள்ளி வைத்தாலும் அளந்துதான் வைக்க வேண்டும். வூஃபர் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய கூம்பு) பின்சுவரிலிருந்து சரியாக 1 மீட்டரில் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 2 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து, 86 ஹெர்ட்ஸ் அருகே நேராக வரும் ஒலியைப் பெருமளவு ரத்து செய்துவிடும். பத்துப் பத்து சென்டிமீட்டராக நகர்த்திக் கேளுங்கள்.

அலமாரியைத் தவிர வேறு இடமே இல்லையென்றால், துளையில்லாத மூடிய பெட்டியையோ, முன்பக்கத் துளை உள்ளதையோ வாங்குங்கள். தட்டின் விளிம்போடு முன்முகம் ஒட்டி நிற்கட்டும்.

ஸ்டாண்டுக்குப் பணம் ஒதுக்காதது

உட்கார்ந்தால் ட்வீட்டர் (உச்சஸ்தாயி ஒலிகளைத் தரும் சிறிய பகுதி) காது உயரத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் 60 முதல் 70 சென்டிமீட்டர் ஸ்டாண்ட் போதும்.

வாட்டை மட்டும் பார்ப்பது

சென்சிடிவிட்டி எண்ணை, அதாவது ஒரே அளவு மின்சக்திக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருகிறது என்பதைப் பாருங்கள். 87 டெசிபல் ஸ்பீக்கர் தரும் சத்தத்தை 84 டெசிபல் ஸ்பீக்கரிலிருந்து பெற இரண்டு மடங்கு வாட் வேண்டும்.

'மானிட்டர்' என்ற சொல்லுக்கு மயங்குவது

மானிட்டர் என்றால் ஸ்டூடியோவில் ஒலியைச் சரிபார்க்கும் ஸ்பீக்கர். ஆனால் அந்தச் சொல்லை எந்தப் பெட்டியிலும் அச்சடிக்கலாம். யமஹாவின் என்எஸ்-10 1978-இல் வீட்டு ஸ்பீக்கராகத்தான் வந்தது. பிறகுதான் ஸ்டூடியோக்கள் அதை எடுத்துக்கொண்டன. ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் மானிட்டரை, உங்கள் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் இணைக்கவே கூடாது.

கடையில் ஒப்பிடுவது

சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். சத்தத்தைச் சமமாக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

வயர்

போதிய தடிமனில் செம்பு. அவ்வளவுதான்.